கோணலையும் சேர்த்து நகலெடுத்தல்

முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்ற வெள்ளைக் கவசப் படைவீரனின் தலைக்கவசத்தை மேசைமீது வைத்து, நேர் எதிரே அமர்ந்து சற்று நேரம் உற்றுப் பார்த்தால், அது கோணல் என்பது தெரிந்துவிடும். முகத்தின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் பொருத்தமில்லை. இரண்டு கண்களும் ஒரே வடிவில் இல்லை. காதுமூடிகள் இரண்டும் தலையோடு சேரும் விளிம்புகள் வெவ்வேறாக வெட்டப்பட்டிருக்கும். படம் பார்க்கும்போது இவை எதுவும் கண்ணில் படுவதில்லை. வெள்ளைக் கவசக்காரர்கள் கூட்டமாக ஓடிவருகிறார்கள், சுடுகிறார்கள், பெரும்பாலும் குறி தவறுகிறார்கள், விழுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அதே கவசத்தை உதிரிப் பாகங்களாக வாங்கி, நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் அடித்தளத்தில், குளிர்கால இரவுகளில் துண்டு துண்டாகப் பொருத்துகிறவனுக்கு, அந்தக் கோணலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு கட்டம் வந்து சேரும். அப்போது எழுந்த கேள்வி, கவசம் முடிந்து அதை அணிந்துகொண்டு வெளியே போய்வரத் தொடங்கிய பிறகும் என்னை விடவில்லை. ஒரு கற்பனைப் பேரரசின் ஆலைகளில் எண்ணற்ற அளவில் வார்க்கப்பட்டதாகக் கதை சொல்லும் ஒரு கவசத்தை, 1976-ல் இங்கிலாந்தில் அவசரமாகச் செய்யப்பட்ட ஒரு படப்பிடிப்புப் பொருளின் குறைகளோடு சேர்த்து ஏன் நகலெடுக்க வேண்டும்?

நகலெடுக்க வேண்டும் என்று சொல்பவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1997-ல் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன், டாம் க்ரூஸ் (Tom Crews, நடிகர் அல்ல) என்ற இரண்டு நண்பர்கள் தொடங்கிய 501-ஆவது லீஜியன் இன்று பல நாடுகளில் கிளைகள் கொண்ட ஆர்வலர் அமைப்பு. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் மட்டுமே சேரலாம். அணிந்து செல்வதற்கு எவரும் தமக்கென்று பணம் வாங்கக் கூடாது. நன்கொடை கிடைத்தால் அது அறப்பணிக்குப் போகும். வயதைத் தவிர, சேர்வதற்கு ஒரே தகுதி, படத்தில் உள்ளதைப் போன்ற உடை. எது படத்தில் உள்ளதைப் போன்றது என்பதை, ஒவ்வொரு உடைக்கும் பாகம் பாகமாக எழுதிவைத்த ஒரு தரக் குறிப்பேடு தீர்மானிக்கிறது. புகைப்படங்களை அனுப்பினால் மதிப்பாய்வாளர் ஒருவர் அந்தக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு ஏற்பார் அல்லது திருப்பியனுப்புவார். வெள்ளைக் கவசக்காரர்களின் உட்பிரிவில் அடிப்படை ஏற்புக்கு மேல் இன்னும் இரண்டு படிகள் உண்டு. மேலே போகப் போக மில்லிமீட்டர் கணக்கு கறாராகிவிடும். கவசத் துண்டுகளின் மூட்டுகளை மூடும் பட்டைகள் கைகளுக்கு 15 மில்லிமீட்டர், கால்களின் முன்பக்கத்துக்கு 20, பின்பக்கத்துக்கு 25 என்பதெல்லாம் எங்களிடையே வாய்ப்பாடுபோல் மனப்பாடம்.

இந்தக் கறார்தான் எனக்கு வேடிக்கையாகப்பட்டது, ஏனென்றால் மூலப் பொருளில் அப்படியொரு கறார் எங்குமே இல்லை. ரால்ஃப் மக்குவாரி படத்துக்காகத் தீட்டிய ஓவியங்களிலிருந்து தலைக்கவசத்தின் களிமண் மாதிரியை நிக் பெம்பர்ட்டன் செய்தார். உடற்கவசத்தைச் சிற்பமாக வடித்தவர் பிரையன் மியூர். அவற்றிலிருந்து அச்செடுத்து, லண்டனுக்கு அருகே ட்விக்கனத்தில் இருந்த தம் பட்டறையில் பிளாஸ்டிக்கில் உருவாக்கிக் கொடுத்தவர் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வர்த். படத்துக்காக ஏறத்தாழ ஐம்பது தலைக்கவசங்கள் தேவைப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை சண்டைக் காட்சிகளுக்கானவை. அடி தாங்க வேண்டும் என்பதற்காகக் காக்கி கலந்த பச்சை நிறப் பாலிஎத்திலீனில் செய்து வெள்ளை பூசியவை. அந்தப் பிளாஸ்டிக்கில் பூச்சு ஒழுங்காக ஒட்டாது. உரிந்த இடங்களில் அடிநிறம் தெரியும். அருகில் எடுக்கும் காட்சிகளுக்கென்று ஏபிஎஸ் என்ற கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக்கில் தனியாகச் சில செய்தார்கள். இரண்டுக்கும் கண்ணாடி வேறு, வாயின் வெட்டு வேறு. ஒரே படத்தில், ஒரே படையில், ஒரே பதவியில் இருக்கும் வீரர்கள் இரண்டு வகைத் தலைகளோடு திரிந்திருக்கிறார்கள். இன்று கவசம் செய்யத் தொடங்குகிறவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே, இவற்றில் எந்தத் தலை என்பதுதான். இரண்டையும் கலந்து வைத்தால் ஏற்பு கிடையாது.

பெட்டியில் வருவது

கிட் என்றவுடன், எண்ணிட்ட துண்டுகளும் வழிகாட்டி நூலும் உள்ள பெட்டி என்று நினைப்பவர்கள் அதைத் திறந்ததும் திகைத்துப்போவார்கள். உள்ளே இருப்பவை சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெள்ளைத் தகடுகள். சூடாக்கி இளகவைத்த ஏபிஎஸ் தகட்டை அச்சின்மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி, நனைந்த வேட்டி உடம்போடு ஒட்டுவதுபோல ஒட்டவைத்து எடுத்தவை. ஒவ்வொன்றையும் சுற்றித் தேவையற்ற விளிம்பு அகலமாக நிற்கும். எது தொடை, எது புஜம் என்பதையே புகைப்படங்களோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கிட்டுகளை ஆர்வலர்களே சிறு பட்டறைகளில் செய்கிறார்கள். எஞ்சியிருக்கும் மூலக் கவசங்களிலிருந்து அச்செடுத்தவை என்று தங்கள் கிட்டுக்கு வம்சாவளி சொல்பவர்கள் உண்டு. நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்க விளிம்புகள் மழுங்கும், அளவும் சற்று மாறும் என்பதால், இந்த வம்சாவளிப் பேச்சு எங்கள் வட்டத்தில் ஜாதகம் பார்ப்பதற்குச் சற்றும் குறையாத தீவிரத்தோடு நடக்கும்.

வெட்டுவது ஒரு தியானம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது விரல் வலி. கூரிய கத்தியால் கோடு கிழித்து, அந்தக் கோட்டில் முன்னும் பின்னும் மடக்கினால் ஏபிஎஸ் சுத்தமாக முறியும். வளைவான இடங்களில் அது நடக்காது, வளைந்த கத்தரிக்கோல் வேண்டும், அதன்பின் அரம், அதன்பின் உப்புத்தாள். ஒட்டுவதற்கு ஈ-6000 என்ற பசையைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அது முழுதாக இறுக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், குளிரில் இன்னும் தாமதமாகும், நெடி வேறு தலையைச் சுற்றவைக்கும். ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும். இருந்தும் உடனே ஒட்டும் பசைகளை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், பிடிக்கவில்லை என்றால் பொறுமையாக உரித்தெடுத்து மறுபடி ஒட்டலாம் என்பதுதான். இருபுறமும் சக்தி வாய்ந்த சிறு காந்தங்களை வைத்து மூட்டை அழுத்தி, அப்படியே விட்டுவிட்டு மேலே போய்விட வேண்டும். பொறுமை என்பது இங்கே குணமாக இருக்க வேண்டியதில்லை. பசை அதைக் கட்டாயமாக்கிவிடுகிறது.

பிறகு உடம்பு. ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம் உயரமான, ஒல்லியான ஆட்களுக்காக வடிக்கப்பட்டது. நான் உயரமும் இல்லை, ஒல்லியும் இல்லை. தொடைத் துண்டுகளின் மேல்விளிம்பையும் முழங்காலுக்குக் கீழுள்ள துண்டுகளின் விளிம்பையும் வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. வயிற்றுத் தகடும் முதுகுத் தகடும் விலாவில் சந்திக்க மறுத்தபோது, மிச்சமிருந்த பிளாஸ்டிக்கிலிருந்து இடைச்செருகல் வெட்டி, அசிட்டோனில் கரைத்த ஏபிஎஸ் கூழால் மூட்டைப் பூசி மறைக்க வேண்டியிருந்தது. கொதிநீரில் தோய்த்து வளைவுகளைத் திருத்தினேன். ஏபிஎஸ் ஏறத்தாழ அந்த வெப்பத்தில்தான் இளகத் தொடங்கும் என்பதால் கொஞ்சம் அசந்தாலும் துண்டு உருக்குலைந்துவிடும். இவை அனைத்தும் விதிக்கு உட்பட்டவை. அணிபவரின் உடலுக்கு ஏற்ப மாற்றுவதைக் குறிப்பேடு தாராளமாக அனுமதிக்கிறது. அது அனுமதிக்காதது ஒன்றே ஒன்று: அழகுக்காக மாற்றுவது.

இந்த வேறுபாட்டை முதலில் நான் கவனிக்கவில்லை. தலைக்கவசத்துக்கு வந்தபோதுதான் அது முட்டியது.

முகமும் மண்டையும்

தலைக்கவசம் முகம் ஒன்று, பின்மண்டை ஒன்று, காதுமூடிகள் இரண்டு என்று வரும். முகத்தின்மேல் மண்டையை எவ்வளவு கீழிறக்கிப் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து அந்த முகத்தின் பாவமே மாறிவிடும். சற்று ஏற்றினால் அசடு வழியும்; சற்று இறக்கினால் கோபம் கூடும். பக்கவாட்டில் இரண்டும் சேரும் இடத்தைக் காதுமூடி மறைக்கிறது. அந்தக் காதுமூடியை வளைவுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி உட்காரவைப்பதுதான் இந்த வேலை முழுவதிலும் கடினமான பகுதி என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நான் ரசமட்டத்தையும் நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்களை மட்டத்துக்குக் கொண்டுவந்தால் வாய் சாய்கிறது. வாயை மட்டமாக்கினால் நெற்றிப்பட்டை சாய்கிறது. மூன்றும் ஒருசேர நேராக நிற்கும் நிலை என்று ஒன்று அந்த முகத்தில் இல்லவே இல்லை. எனவே எனக்குத் தோன்றிய வழி, இடக்கண்ணின் கீழ்விளிம்பில் ஏபிஎஸ் கூழை ஏற்றி, தேய்த்து, வலக்கண்ணுக்கு இணையாக்கிவிடுவது. பிளாஸ்டிக் வேலைதானே, செய்ய முடியாதது இல்லை.

எங்கள் பிரிவில் மூத்த உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். ஆலையில் கடைசல் இயந்திரத்தில் ஆயுள் முழுவதும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய கார் நிறுத்தும் கொட்டகையில்தான் புதியவர்கள் கூடிக் கவசம் பொருத்துவோம். ஆயிரத்தில் ஓர் அங்குலப் பிசகைப் பொறுக்காத தொழிலில் இருந்தவர் என்பதால், அவர் என் பக்கம்தான் நிற்பார் என்று எண்ணி என் திட்டத்தைச் சொன்னேன். அவர் மறுப்பும் சொல்லவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. படத்தில் பல வீரர்கள் ஒன்றாக நிற்கும் ஒரு காட்சியை நிறுத்திவைத்துக் காட்டி, இவற்றில் எந்தத் தலையை நான் திருத்தப்போகிறேன் என்று மட்டும் கேட்டார்.

நான் பார்த்தேன். அந்தக் காட்சியை அதற்குமுன் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் தலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. ஒருவனுக்கு மண்டை சற்று ஏறியிருந்தது, ஒருவனுக்கு இறங்கியிருந்தது. ஒருவனுடைய கன்னத்து நீலக் கோடுகள் நெருக்கமாகவும் இன்னொருவனுடையவை தளர்வாகவும் இருந்தன. காதுமூடிகள் ஆளுக்கொரு விதம். ஆனால் எல்லா முகங்களிலும், ஒன்று விடாமல், கண்களின் அந்த ஏற்றத்தாழ்வு மட்டும் ஒரேமாதிரி இருந்தது. அதுவரை கோணல் என்று ஒற்றைப்பெயரில் நான் நொந்துகொண்டிருந்ததில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருந்தன. ஒன்று, களிமண்ணை வடித்த கையிலிருந்து அச்சுக்குள் போய், அச்சிலிருந்து எல்லாத் தலைகளுக்கும் ஒன்றுபோல வந்து சேர்ந்தது. மற்றொன்று, ஒவ்வொரு தலையையும் பொருத்தித் தீட்டியவர்களின் அவசரத்திலும் களைப்பிலும் பிறந்தது. அது தலைக்குத் தலை வேறு. முதலாவது அந்த முகத்தின் சாடை. அதைத் திருத்தினால் அது வேறொருவர் முகம். இரண்டாவது, செய்கிறவரின் கைவாகு.

இந்த வெளிச்சத்தில் குறிப்பேட்டை மறுபடி படித்தபோது, கறார் என்று நான் நினைத்திருந்ததில் ஒரு நுட்பம் தெரிந்தது. கண்களின் வடிவத்தில் அது விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் கன்னத்துக் கோடுகள் எத்தனை என்று கேட்டால் ஒரு கன்னத்துக்கு 9 முதல் 16 வரை என்கிறது. அத்தனை பெரிய இடைவெளியை, மூட்டுப்பட்டைக்கு மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கும் அதே நூல் தருகிறது. மூலத் தலைகளில் எந்தெந்த எண்ணிக்கை காணப்படுகிறதோ அவற்றையெல்லாம் உள்ளடக்கிய வரம்பு அது. எங்கே மூலத்தில் எல்லாம் ஒன்றாக இருக்கிறதோ அங்கே விதி ஒன்று; எங்கே மூலமே பலவாக இருக்கிறதோ அங்கே விதியும் இடம்விடுகிறது. நான் கூழைத் தூக்கி வைத்துவிட்டு, ஹம்ப்ரோல் வண்ணப்பூச்சில் 14-ஆம் எண் பிரெஞ்சு நீலத்தை எடுத்துக்கொண்டு, ஒட்டுத்தாள் இல்லாமல், வெறும் தூரிகையால் கோடுகளைப் போட்டேன். ஒட்டுப்படமாக வாங்கி ஒட்டினால் அப்பழுக்கில்லாமல் வரும். அதனாலேயே முதல் படத்துத் தலையில் அது உறுத்தும்.

சிற்பமா, உபகரணமா

இருந்தாலும் அடிப்படைக் கேள்வி தீரவில்லை. சாடையை மதிக்கிறோம், சரி. எந்தப் பொருளின் சாடையை? இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு வழக்கு. எய்ன்ஸ்வர்த் 2004 வாக்கில் தம் பழைய அச்சுகளிலிருந்து தலைக்கவசங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். ஸ்டார் வார்ஸ் படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபில்ம் நிறுவனம் முதலில் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்து, 2006-ல் 2 கோடி டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வாங்கியது. பின்னர் இங்கிலாந்தில் தொடுத்தது. 2011 ஜூலையில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை வந்த அந்த வழக்கின் மையத்தில் இருந்தது, இந்தத் தலைக்கவசம் சட்டத்தின் பார்வையில் சிற்பமா என்ற கேள்வி. சிற்பமென்றால் நீண்டகாலப் பதிப்புரிமை உண்டு. இல்லையென்றால் தொழில்துறை வடிவமைப்புக்குரிய குறுகிய காலப் பாதுகாப்பு மட்டுமே, அதுவோ எப்போதோ காலாவதியாகிவிட்டது. சிற்பமில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படம்தான் கலைப்படைப்பு, தலைக்கவசம் அந்தப் படத்தை உருவாக்கும் வேலையில் பயன்பட்ட ஒரு பொருள் என்பது அதன் நிலைப்பாடு. அதே தீர்ப்பில், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காக இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று சொல்லி, லூகாஸ்ஃபில்முக்கும் ஒரு வழி விட்டது.

சட்டம் படித்தவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்களோ, எனக்கு அந்தத் தீர்ப்பு எங்கள் வேலையைப் பற்றி எங்களைவிடத் தெளிவாகப் பேசுவதாகப்பட்டது. அந்தத் தலைக்கவசம் யாரையும் காக்க வேண்டியதில்லை. இரண்டு நொடி கேமராவுக்கு முன் தெரிந்தால் போதும். இடுப்பின் பின்புறம் வெடிகுண்டாகத் தொங்குவது சாம்பல் நிறக் குழாய் ஒன்றும் அதன் இரு முனைகளில் வெள்ளை மூடிகளும். கையில் இருப்பது ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கி, சில ஒட்டுவேலைகளோடு. காலில், வெள்ளையடித்த சாதாரணச் செல்சி பூட்ஸ். இவை எல்லாம் கதைக்குள் ஒரு பொருள், படப்பிடிப்புத் தளத்தில் இன்னொரு பொருள். நாங்கள் நகலெடுப்பது இரண்டாவதை. கதைக்குள் இருக்கும் பேரரசுக்கு விசுவாசமாக இருந்திருந்தால் கண்களை நான் திருத்தியிருக்க வேண்டும், அந்த ஆலையின் தரக்கட்டுப்பாட்டில் இப்படியொரு முகம் தேறியிருக்காது. எங்கள் விசுவாசம், படப்பிடிப்பு நடந்த எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில், வியர்வையோடு, எதிரில் இருப்பது சரியாகத் தெரியாமல் இந்தப் பிளாஸ்டிக்கைப் போட்டுக்கொண்டு ஓடிய துணை நடிகர்களுக்கு. கதவில் தலையை மோதிக்கொள்ளும் அந்த வீரனைப் படத்திலிருந்து வெட்டாமல் விட்டார்கள். 2004-ல் வந்த டிவிடி பதிப்பில் அந்த மோதலுக்கு ஓசைகூடச் சேர்த்தார்கள். எங்களுக்கு அவன் குலதெய்வம் மாதிரி.

2015 முதல் வந்த படங்களின் வெள்ளைக் கவசங்கள் கணினியில் வரையப்பட்டவை; முகத்தின் இரு பாதிகளும் இம்மி பிசகாமல் பொருந்துகின்றன. கதைப்படி பார்த்தால் அவையே சரியானவை. அவற்றைப் பார்க்கும்போது எனக்கு எந்த உணர்ச்சியும் எழுவதில்லை என்பதை வாதமாக முன்வைக்க முடியாது, பழகிய கண்ணின் பிடிவாதமாகவும் இருக்கலாம். முப்பரிமாண அச்சில் அந்தப் புதிய வகையைச் செய்யும் இளைஞர்கள் எங்கள் பிரிவிலேயே இருக்கிறார்கள். உப்புத்தாளோடு அவர்கள் படும் பாடு எங்களுடையதைவிட அதிகம், அதனால் கைவேலை அழிந்துவிட்டது என்று புலம்பவும் வழியில்லை.

அணிந்துகொண்டு நடப்பது வேறு அனுபவம், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், உட்கார முடியாது, குனிய முடியாது, கால் கீழே எங்கே படுகிறது என்று தெரியாது, மூச்சில் கண்ணாடி மங்கும், முழங்காலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் விளிம்பு சதையைக் கவ்வும். படியேறக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக, கவசமில்லாத ஓர் உதவியாளர் எப்போதும் பக்கத்தில் வேண்டும். நூலகங்களிலும் அறப்பணி நடைப்பயணங்களிலும் குழந்தைகள் ஓடிவருவார்கள், சிலர் அலறி ஓடுவார்கள். இத்தனை பேரில் ஒருவர்கூட கண்கள் கோணல் என்றோ கோடுகள் கையால் தீட்டியவை என்றோ சொன்னதில்லை. இதைச் சொல்லி, பிறகு யாருக்காக இவ்வளவு என்று என் மனைவி கேட்டபோது, தெரிந்தவர்களுக்காக என்றேன். தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை, தோள் பட்டியின் பித்தான் கழன்று தொங்குவதை மாட்டிவிட்டாள்.

மூத்தவரும் நானும் இன்னும் ஒத்துப்போகாதது ஒரு விஷயத்தில். ஏபிஎஸ் வெயிலிலும் காலத்திலும் மஞ்சளாகும். எஞ்சியிருக்கும் மூலக் கவசங்கள் பழுப்பேறிக் கிடக்கின்றன. மூலத்துக்கு விசுவாசம் என்றால் அந்த மஞ்சளும் மூலத்தினுடையதுதானே என்று நான் கேட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கேமரா ஓடிய அன்று அது வெள்ளையாக இருந்தது, அன்றோடு அந்தப் பொருளின் வேலை முடிந்தது, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் பிளாஸ்டிக்கின் வாழ்க்கை என்பது அவர் கட்சி. தம் கவசத்தை வெளிச்சம் படாத பெட்டியில் பூட்டிவைக்கிறார். நீதிமன்றத்தின் பக்கம்தான் அவரும் நிற்கிறார் என்று நினைக்கிறேன், ஆனால் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார். என் கவசம் ஒருநாள் மஞ்சளாகும்போது ஏற்பைத் திரும்பப் பெறுவீர்களா என்று மதிப்பாய்வாளருக்கே எழுதிக் கேட்டேன். அப்போது புதிய படங்களை அனுப்புங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. கூடவே, இடுப்புப்பட்டைக்கும் வயிற்றுத் தகட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம், அடுத்த படிக்கு விண்ணப்பிக்கும் முன் அதைக் குறைக்கவும் என்று ஒரு வரி. இந்த வாரம் அந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது.